தலைவர் முதலில் பேசிய கூட்டம்

4 ஜூன், செவ்வாய்
பல்கலைக்கழகச் சட்ட ஆலோசகர் என்ற முறையில் இன்று ஒரு கோப்பு வந்தது. மலைச்சரிவில் தானாக வளரும் க்வாரா வேரின் சாறு நுண்ணுயிர்ப் பெருக்கத்தைத் தடுக்கிறது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. இது பேராசிரியர் தமாயியின் ஆய்வு முடிவு. மகிழ்ச்சி. ஆனால் கோப்பிலிருந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு, அச்சரிவில் வேர் தோண்டும் உரிமையை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு மட்டுமே அளிக்கிறது. இருமலுக்கு அதையே காய்ச்சிக் குடிக்கும் ஊரார்? தோண்டினால் அத்துமீறியவர்கள். அவர்களைப் பற்றி ஒரே வரி: "ஊர்க்கூட்டம் ஒருமனதாக இசைந்தது."

7 ஜூன், வெள்ளி
ஊருக்குச் சென்றேன். வேர் தோண்டும் பெண்களில் ஒருவரான மாலிபுவோவிடம், கூட்டத்தில் ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன்.
"எப்படிங்க வக்கீலய்யா மறுக்கிறது? தலைவரே முதல்ல எழுந்து சம்மதம்னுட்டாரு. அப்புறம் நான் வாயத் தொறந்தா அவரோட சண்டைக்கு நிக்கிற மாதிரி ஆயிடாதா?"
முதலில் பேசினாரா! எல்லோரையும் கேட்டபின் இறுதியில் பேசுவதற்கல்லவா தலைவர்? நிறுவனத்தாருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். முறையைத் தலைகீழாக்கிவிட்டு, கைதட்டலை இசைவு என்று எழுதிக்கொண்டார்கள்.

11 ஜூன், செவ்வாய்
தமாயி சிரிக்கிறார். "முதல்ல பேசினா என்ன, கடைசியில பேசினா என்னப்பா? கையெழுத்து இருக்கில்ல? நம்ம மொசோத்தோ இனத்துல பொறந்துட்டு வெள்ளைக்காரன் மாதிரி நுணுக்கம் பாக்குறியே!"
நானா வெள்ளைக்காரன்? நம் கூட்டத்தின் முறையைக் கேட்பவன் அந்நியன், அதை மிதித்தவர் மண்ணின் மைந்தர் — என்னய்யா நியாயம் இது! இசைவு செல்லாது, கூட்டம் மீண்டும் கூட வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

12 ஜூன்
கோபம் இன்னும் தணியவில்லை.

26 ஜூன், புதன்
மறுகூட்டம். தலைவர் போர்வைக்குள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். மாலிபுவோ எழுந்து தலைவரை மரியாதையோடு விளித்தார்.
"மொரேனா, இவங்க கண்ணாடித் தட்டுல கிருமி செத்துச்சாம். சந்தோஷம். எங்க பிள்ளைங்க நெஞ்சுல இருக்கறது சாகணும்னா தட்டையா நக்கச் சொல்றது?"
பெருஞ்சிரிப்பு. பின்னர் ஒருவர் பின் ஒருவராகப் பேசினர். வெயில் சாய்ந்தபின் தலைவர் எழுந்தார். "கேட்டுட்டேன். ஆராய்ச்சி நடக்கட்டும். சரிவு ஊருக்கு."

3 ஆகஸ்ட், சனி
என் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, காரணம் குறிப்பிடப்படவில்லை. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. திங்களன்று பார்க்கலாம். இன்று அந்தப் பெண்களோடு சரிவில் தோண்டினேன்.
"முழுசாப் பிடுங்காதீங்க வக்கீலய்யா! ஒரு துண்டு மண்ணுல இருக்கட்டும், மூடுங்க" என்று மாலிபுவோ அதட்டினார்.
மூடினேன்.