ரெஸ்யூமில் ஏறிய ஜீப்

மே 5, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் இடி மட்டும், மழை இல்லை. பலாப்பழம் அறுத்ததில் கையெல்லாம் பால். எண்ணெய் தேய்த்தும் போகவில்லை. இந்தக் கையோடுதான் போனைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

பி.காம். கடைசித் தேர்வு முடிந்து மலைக்கு வந்து ஒரு வாரம். வகுப்பு வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பு: வாணியம்பாடி பக்கம் ஒரு ஷூ கம்பெனி. ஸ்டோர்ஸுக்கும் தரம் பார்க்கும் பிரிவுக்கும் ஆள் தேவை. ஹாஸ்டல் உண்டு. ரெஸ்யூம் அனுப்பவும்.

அப்பா சொல்லிவிட்டார். "வைகாசி பொறக்கறதுக்குள்ள கெடச்சா போ. இல்லாங்காட்டி மில்லு வேன் வரும், ஏறிக்க."

திருப்பூர் மில் வேன். போன வருஷம் அதில் ஏறிப்போன மேல்வீட்டு அக்கா ஒரு பண்டிகைக்குக்கூட வரவில்லை. நான் அதில் ஏறப்போவதில்லை. முடிவு.

வீட்டில் டவர் கிடையாது. ரோட்டு வளைவில் இருக்கும் பாறை மேல்தான் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து ஏ.ஐ.யிடம் பெயர், படிப்பு, ஊர் சொன்னேன். மூச்சு விடுவதற்குள் ஒரு பக்கம் இங்கிலீஷ். என்னைப் பற்றி அது சொன்னது:

– முடிவுகளை நோக்கிப் பாயும் இளம் நிபுணர்
– குழுக்களை வழிநடத்துவதில் தணியாத ஆர்வம்
– சவால்களை வாய்ப்புகளாக மாற்றுபவர்

அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"யாருடி அது, கலெக்டரூட்டுப் பொண்ணா?"

எனக்குப் பிடித்திருக்கிறது. பொய் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தூக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

மே 6, புதன்

மழை வரும்போல இருந்து போக்குக் காட்டியது.

கீழ்வீட்டு சுமதி வந்தாள். என் வகுப்புதான். (இனி சு. போதும்.) எதிரில் உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்க அவ்வளவு நேரம்.

"எனக்கும் ஒண்ணு போட்டுத் தர்றியா?"

அவள் வீட்டிலும் மில் வேன் பேச்சுதான். "பேரை மட்டும் மாத்து" என்று ஏ.ஐ.யிடம் சொன்னேன். மாற்றியது. வேலை முடிந்தது.

போன் நம்பர், இரண்டிலும் காசி அண்ணனுடையது. இங்கே எல்லா வீட்டுக்கும் அதுதான். ஜீப் ஓட்டுகிறவர், பாதி நாள் ஆலங்காயத்தில் டவருக்குள் இருப்பவர். ரேஷன், கேஸ், ஆதார், ஊருக்கு வருகிற ஓ.டி.பி. முழுக்க அவர் சட்டைப் பையில்.

இரண்டு ரெஸ்யூமும் அனுப்பியாயிற்று. கூப்பிடுவார்கள், பார்.

தே. எண்ணெய் தீர்ந்தது. சந்தையில் வாங்க வேண்டும்.

மே 8, வெள்ளி

காசி அண்ணன் வளைவிலேயே ஜீப்பை நிறுத்திக் கத்தினார்.

"ஏ பூங்கொடி! கம்பெனிலர்ந்து ஒரு மேடம் போன் பண்ணாங்க. பூங்கொடியும் சுமதியும் ஒரே ஆளான்னு கேட்டாங்க!"

"நீங்க இன்னாண்ணா சொன்னீங்க?"

"ரெண்டு ஆளுங்கம்மா, ஒண்ணு ஓயாம பேசும், ஒண்ணு பேசவே பேசாதுன்னேன்."

ஒரே நம்பர், ஒரே ஊர், ஒரே கல்லூரி, வார்த்தைக்கு வார்த்தை ஒரே ரெஸ்யூம். போலியோ என்று சந்தேகமாம். திங்கட்கிழமைக்குள் சரியானது வந்தால் பார்ப்பார்களாம். இல்லையென்றால் இரண்டையும் ஒதுக்கிவிடுவார்கள்.

சு.விடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நீ மட்டும் அனுப்பு. நான் மில்லுக்கே போய்ட்டு வர்றேன்."

என்னமோ சந்தைக்குப் போய் வருகிற மாதிரி சொல்கிறாள். கண்டபடி திட்டிவிட்டேன். தப்பு என்னுடையது, திட்டு அவளுக்கு.

மே 9, சனி

சந்தையில் எண்ணெய் வாங்கி வந்தாயிற்று. பாறை சுடுகிறது. கோணி விரித்து உட்கார்ந்தேன், பக்கத்தில் சு.

இந்த முறை ஏ.ஐ.க்குக் கட்டளை: 'புகழாதே. கேள்வி கேள். நான் சொல்லாத எதையும் எழுதாதே.'

அது கேட்டது: மற்றவர்கள் உங்களை நம்பியிருக்கும் வேலை எது?

எதுவும் இல்லை என்று அடித்தேன். சு. எட்டிப் பார்த்தாள்.

"சந்தைக்கு ஜீப்ப ரொப்பறது யாரு? நீதான?"

அதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேதான் அடித்தேன். யார் வருகிறார்கள் என்று முந்தின நாள் வீடு வீடாகக் கேட்பது. யாருக்கு எத்தனை மூட்டை சாமை, எத்தனை புளி. யார் எந்த வளைவில் இறங்குவார்கள். முதலில் இறங்குகிற மூட்டையைக் கடைசியாக ஏற்றுவது.

ஏ.ஐ.க்கு ஒரே குஷி. 'போக்குவரத்து மேலாளர்' என்று தலைப்பே போட்டுவிட்டது.

'மேலாளர் இல்லை. ஜீப் ஒன்றுதான், அதுவும் என்னுடையது இல்லை. எடு.'

மன்னிப்புக் கேட்டு எடுத்தது. மன்னிப்புக் கேட்பதில் அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அடுத்து சு. அவளுக்கும் அதே கேள்வி. அவள் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் பேட்டரி பாதி காலி. புளி சீசனில் நாலு வீட்டுப் புளி அவள் கைக்குத்தான் வரும். நிறம் பார்த்து, ஈரம் பார்த்து, புழுத்ததை ஒதுக்கி வைப்பாள். அவள் பிரித்ததை வியாபாரி கொட்டிப் பார்க்க மாட்டார். எழுதிய பிறகு படித்தால் வேறு ஆள், வேறு ரெஸ்யூம். எங்கள் இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

நம்பர்: சு.வுக்குக் காசி அண்ணனுடையது. எனக்கு என்னுடையது. 'மாலை 4 முதல் 6 வரை அழைக்கவும்' என்று கீழே போடச் சொன்னது ஏ.ஐ.தான். நல்ல யோசனை. அனுப்பியாயிற்று.

மே 12, செவ்வாய்

நாலிலிருந்து ஆறு, பாறையில் காவல். அம்மா புளிக் கூடையைக் கையில் கொடுத்தனுப்பினாள். கொட்டை எடுத்துக்கொண்டே இருந்தேன். போன் அடித்தது!

அந்த மேடம்தான். எடுத்தவுடனே ஜீப்.

"பத்து பேர் ஏறுற ஜீப்ல பதினாலு பேர் வந்தா யாரை விட்டுட்டுப் போவீங்க?"

"மூட்டைய எல்லாம் மேல கட்டிருவேன் மேடம். அப்பவும் எடம் பத்தலன்னா மொதல்ல நான் எறங்கிருவேன். ரொப்பறவளே எறங்கினாத்தான் மத்தவங்க சண்ட போடாம எறங்குவாங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். வியாழக்கிழமை இரண்டு பேரும் நேரில் வர வேண்டும்!

மே 14, வியாழன்

போய் வந்தாயிற்று. செருப்பு கடித்துவிட்டது.

சு. முன்னால் ஐந்தாறு தோல் துண்டு வைத்தார்களாம். தடவிப் பார்த்து, பழுதான ஒன்றைத் தனியாக ஒதுக்கி வைத்தாளாம். அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷம், நிஜமாகவே. கொஞ்சம் பயமும்.

என்னிடம் மேடம்: "ரெஸ்யூம் யார் எழுதினது?"

"ஏ.ஐ. எழுதிச்சி மேடம். மேனேஜர்னு போட்டிச்சி, நான் எடுத்துட்டேன்."

ஸ்டோர்ஸுக்கு இன்னும் இரண்டு பேர் வந்திருக்கிறார்களாம். நாளை போனில் சொல்வார்கள். எனக்குத்தான் கிடைக்கும். கிடைக்கணும்.

மே 15, வெள்ளி

வைகாசி பிறந்துவிட்டது. மூன்றரைக்குப் பிடித்த மழை, இடியோடு. அம்மா கதவை மறித்து நின்றுகொண்டாள். "பாற மேல போய் இடி வாங்கிக்கப் போறியா?" நாலு. ஐந்து. ஆறு. அப்பா பீடி மேல் பீடி. மில் வேன் ஞாயிற்றுக்கிழமை.

ஏழு மணி இருக்கும். வளைவிலிருந்தே ஹாரன், விடாமல். காசி அண்ணன் தலையில் கோணியோடு வாசலில்.

"உன் நம்பரு போவலன்னு எனக்கே போட்டாங்க. ஸ்டோர்ஸு உனக்குத்தானாம். நாளைக்கே வரணுமாம், வர்றான்னு சொல்ட்டேன்." அப்புறம்தான் ஞாபகம் வந்தது அவருக்கு. "ஏ, நாளைக்குச் சந்தையாச்சே. ஜீப்ப யாரு ரொப்பறது?"

"இன்னிக்கே ரொப்பறேன்ணா."

மழையில் குடை பிடித்து வீடு வீடாகப் போய் வந்தேன். பதின்மூன்று பேர், எட்டு மூட்டை. பட்டியலில் முதல் பெயர் பூங்கொடி, அடுத்தது சுமதி. நாளைக்கு எத்தனை பேர் வந்தாலும் சரி, நான் இறங்க மாட்டேன்.