வெளிச்சவீட்டடி

2018 ஏப்ரல் 11, புதன்

வேலை செய்யும் பிள்ளைக் காப்பகத்தில், கிறெஷில், பிள்ளைகளுக்குப் பழக்கூழ் தீத்திக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண் ஜெர்மேன் வந்து பக்கத்தில் குந்தினாள். அவளும் புருசன் பிலிப்பும் கிரேக்கத்தில் ஒரு கிழமைக்குப் பாய்ப்படகு எடுத்திருக்கிறார்களாம். கூட வர இருந்த சோடி கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதாம். "ரெண்டு எடம் சும்மா கெடக்கு அருள். நீயும் பூரணியும் வாங்களேன். கல்யாண வேலை வந்துட்டா உங்க ரெண்டு பேரையும் பிடிக்கவே முடியாது" என்றாள்.

வேலை முடிய நேரே பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான ரூ காய்க்குப் போனேன். பூரணி தன் சேலைக் கடையில் ஒரு பொம்பிளைக்கு மஞ்சளா சிவப்பா என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். விசயத்தைச் சொன்னதும், "எனக்கு நீந்தத் தெரியாது சம்பந்தி" என்றாள்.

"விழுந்தா கொண்டையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறன், வாரும்" என்றேன்.

சிரித்துவிட்டு ஓம் என்றாள். மண்டபம், மேளம், கூறைச்சேலை எல்லாவற்றையும் கடலில் ஆறுதலாகக் கதைக்கலாமாம். என் சாருஜனுக்கும் அவளின் கஜந்தினிக்கும் ஒக்ரோபரில் கல்யாணம். பிள்ளைகள் தாங்களாகவே விரும்பினார்கள். ஆனால் இருபது வருசச் சிநேகிதிகளான எங்களுக்குத்தான் அவர்களைவிடச் சந்தோசம்.

ஏப்ரல் 12

இவரிடம் சொன்னேன். "கடலிலை என்ன பாக்கக் கிடக்கு?" என்றுவிட்டு ரீவியைக் கூட்டி வைத்தார். வரதராசாவிடம் வேறு என்ன எதிர்பார்க்கலாம்.

ஏப்ரல் 21, சனி — ஏதென்ஸ்

படகு நான் நினைத்ததைவிடச் சிறியது. முன்பக்க அறையில் எனக்கும் பூரணிக்கும் ஒரே கட்டில். அவள் உயிர்காப்புச் சட்டையைப் போட்டவள் போட்டவள்தான், படுக்கும்போதும் கழற்றமாட்டாளாம். பிலிப் பிரெஞ்சுக் கடற்படையில் இருந்து பென்சன் எடுத்தவர், எங்களைப் படைக்கு ஆள் எடுத்தமாதிரி வரிசையில் நிற்கவைத்து வகுப்பு எடுத்தார். பூரணி அவரிடம் கேட்ட ஒரே கேள்வி: "இதிலை கக்கூசு எங்கை?"

ஏப்ரல் 22, ஞாயிறு — ஏஜினா

என்ன ஒரு நாள்!

காலையில் காற்று எழும்பியது. பிலிப் எஞ்சினை நிற்பாட்டிவிட்டுப் பாயை ஏற்றினார். பாய் ஒருதரம் படபடவென்று அடித்துவிட்டு நிறைந்தது. படகு ஒரு பக்கம் சரிந்துகொண்டு ஓடத் தொடங்கியது. ஓடிப்போய்ப் படகின் முன்நுனியில், அணியத்தில், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். ஐம்பத்துநாலு வயது என்ற நினைப்பே இல்லை.

"மதாம், ஜாக்கிரதை!" என்று பிலிப் பின்னால் இருந்து கத்தினார்.

"பயப்பிடாதேங்கோ! அப்பான்ர வள்ளத்திலை நான் இப்பிடித்தான் இருக்கிறனான்."

"உங்கப்பா என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

"மீன் பிடிச்சவர். வேறை என்ன? ரெண்டு வள்ளம் வச்சிருந்தவர்."

முகத்தில் உப்புத்தண்ணி அடித்தது, நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். பூரணி கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "அருள், பருத்தித்துறையிலை நீங்கள் எவடம்?" என்றாள்.

"வெளிச்சவீட்டடி. கடற்கரையோடை."

"புலோலி எண்டெல்லோ..."

"ஆர் சொன்னது? அது உள்ளுக்கு, தோட்டக்காரரின்ர ஊரெல்லோ."

அவள் கயிற்றை விட்டாள். தலை சுற்றுகிறது என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். பாவம், கடல் பழக்கமில்லை.

ஏப்ரல் 23, திங்கள்

பூரணி இரவு எங்கள் அறையில் படுக்கவில்லை. மூச்சு முட்டுகிறதாம். நடுவில் உள்ள வாங்குப் பலகையில் காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். அங்கேதான் காற்றே இல்லை. இன்று முழுக்கக் கல்யாணக் கதை ஒன்றும் எடுக்கவில்லை. நேற்றுக் காலைவரை வாய் ஓயாதவள்! நானாகத் தொடங்கினேன்.

"மண்டபக்காரனுக்கு முடிவு சொல்லிப்போட்டீரோ?"

"பாப்பம்."

"மேளம்?"

"பாப்பம், பாப்பம்."

வாந்திக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், குடித்தாள். நன்றி என்றாள். பூரணி என்னிடம் நன்றி சொல்லுகிற ஆளே இல்லை.

ஏப்ரல் 24, செவ்வாய் — போரோஸ்

இன்று முழுக்க "சம்பந்தி" என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. நான் கூப்பிட்டபோதும் திரும்பவில்லை. கரையில் இறங்கித் துறைமுகக் கல்லில் இருந்து பாரிசுக்குப் போன் கதைத்தாள், கதைத்தாள், கதைத்துக்கொண்டே இருந்தாள். நான் கிட்டப் போனதும் குரலைத் தணித்தாள். கடையில் ஏதும் பிரச்சினையோ?

ஏப்ரல் 25, புதன் — போரோஸ்

என்னால் எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் பூரணி என்னை நடக்கக் கூப்பிட்டாள். தோடை மரங்கள் பூத்து வாசம் மூக்கைத் துளைத்தது. அந்த வாசத்துக்குள் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

"அருள், உம்மோடை எனக்குக் கோவமில்லை. ஆனா இதை நீங்கள் முதலே சொல்லியிருக்கவேணும்."

"எதை?"

"எங்கட ஆக்கள் எண்டுதான் நாங்கள் நினைச்சது."

எனக்கு உடனே விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. எங்கட ஆக்கள் என்றால் என்ன, நாங்கள் ஆர் பின்னை என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு அவள் பார்வை என் முகத்தைவிட்டுக் கீழே போனது. அப்போது விளங்கியது. சாதி. பூரணி சாதி கதைக்கிறாள்! என்னோடு! என் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது மடியில் வைத்து விடிய விடிய முழித்திருந்த பூரணி.

"உமக்குத் தெரியாதெண்டே நான் நினைக்கேல்லை. தெரிஞ்சும் நீர் அதைப் பாக்கேல்லை எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன்" என்றேன்.

"நான் பாக்கிறேல்லை அருள். சனம் பாக்கும். இவரின்ர தமக்கையாக்கள் பாப்பினம். உம்மட மனுசனைக் கேளும், ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டு."

"என்ன சொன்னவர்?"

"அவரையே கேளும்."

படகுக்குத் திரும்பி வந்து ஜெர்மேனிடம் சொன்னேன். அவளாவது திடுக்கிடுவாள் என்று பார்த்தேன். அவள் தக்காளி வெட்டிக்கொண்டே, "கிறிஸ்தவங்க நாங்க மட்டும் என்னவாம்? ஒரே கோயில்ல பூசை பார்ப்போம். பொண்ணு குடுக்கறப்ப தனித்தனியா விசாரிப்போம். உனக்கு இது இன்னிக்குத்தான் தெரியுமா?" என்றாள்.

ஓம், இண்டைக்குத்தான்.

ஏப்ரல் 26, வியாழன் — ஹைட்ரா

இவருக்குப் போன் எடுத்தேன். விசயத்தைக் கேட்டதும் ரீவியை நிற்பாட்டினார். பிறகு, "இப்ப ஏன் அங்கை போய் அதைக் கதைச்சனீர்?" என்கிறார். என்னில் பிழையாம்!

பாரிசுக்கு வந்த புதிதில் பூரணியின் மனுசனிடம் வேலை கேட்டுப் போயிருக்கிறார். அவர் ஊர் கேட்க, "புலோலி" என்றிருக்கிறார். அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான். வெளிச்சவீட்டடியில் என் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளிப் பிறந்த மனிதன்.

"பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமெல்லோ?"

"எப்ப சொல்லுறது, அருள்? பிள்ளை பிறந்தநாளுக்கு அவை கேக் கொண்டுவரேக்கையோ?"

லண்டனில் இருந்து என் அண்ணை யோகலிங்கம் வரும் நாட்களில் பூரணி வீட்டாரை இவர் ஏன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. அண்ணைக்கு வாயைத் திறந்தால் கடல்தான். எனக்குத் தெரியாமல் எனக்கு ஒரு ஊரை வைத்து, அதில் என்னை இருபது வருசம் குடியிருத்தியிருக்கிறார்.

வெளியில் எல்லாரும் கழுதையில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். பூரணியும் எடுக்கிறாள். சிரிக்கிறாள்.

ஏப்ரல் 27

காற்று நல்லாய் இருந்தது. அணியத்துக்குப் போகவில்லை.

மே 6, ஞாயிறு — பாரிஸ், பொண்டி

மத்தியானம் பூரணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணம் இல்லை என்று சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சாருஜன் ஒரு கிழமையாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. கஜந்தினி அங்கே அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாளாம். ஏன் என்று இரண்டு பேருக்கும் முழுதாகத் தெரியாது.

"கல்யாணத்தை நான் குழப்பேல்லை. பிள்ளையள் பாவம்" என்றாள் பூரணி. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அடுத்ததுதான் வந்தது.

"இதுவரைக்கும் எப்பிடி இருந்ததோ அப்பிடியே இருக்கட்டும். ஆரும் கேட்டா புலோலி. உங்கட பக்கத்தாலை கனபேர் வேண்டாம். உம்மட அண்ணை..."

"அண்ணைக்கு என்ன?"

"அவர் வந்து நாலு பேரோடை கதைச்சா விளங்கிப்போடும் அருள்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டு, "அவ சொல்லுறதும் நியாயந்தான்" என்றார். நியாயமாம்! அப்பா கடலோடு போனபிறகு என்னைப் படிப்பித்துக் கட்டிக்கொடுத்த அண்ணையை என் பிள்ளையின் கல்யாணத்துக்குக் கூப்பிடக்கூடாதாம், அது நியாயமாம்.

பின்னேரம் சாருஜனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான், கதவை அடிப்பான் என்று நினைத்தேன். முதலில் சிரித்தான். பிறகு பிரெஞ்சில் சொன்னான்: அது ஒரு ஊரின் பெயர்தானே அம்மா, சொல்லிவிட்டுப் போனால் என்ன, மாமாவை நாங்கள் பிறகு லண்டனில் போய்ப் பார்க்கலாம். கஜந்தினியை இழக்க அவனுக்குப் பயம். அதை நான் பிழை சொல்லமாட்டேன். ஆனாலும் என் பிள்ளையா இது?

எல்லாருக்கும் எவ்வளவு லேசாக இருக்கிறது.

மே 19

ஓம் என்று பூரணிக்குச் சொல்லிவிட்டேன். அவள் போனில் அழுதாள். "சம்பந்தி" என்றாள்.

ஜூன் 17, ஞாயிறு

அண்ணைக்கு எப்படிச் சொல்வது என்று நாள் கடத்திக்கொண்டே வந்தேன். இன்று அவரே எடுத்தார். மாமன்காரன் வெறுங்கையோடு வரலாமோ, பொடியனுக்கு என்ன கொண்டுவர என்று கேட்டார். நான் மண்டபம் சின்னன், இடவசதி குறைவு என்று என்னவோ இழுத்தேன்.

"பொம்பிளை வீட்டுக்காரர் எந்த ஊர் எண்டு சொன்னனீ?"

சொன்னேன்.

உடனே, "எனக்கும் பார் பிள்ளை, அந்த நேரம் இஞ்சை லீவு எடுக்கிறது கஸ்ரம்போலதான் கிடக்கு" என்றார். "நீ ஒண்டுக்கும் யோசியாதை. கல்யாணம் வடிவா நடக்கட்டும்."

அண்ணை போன வருசமே வேலையை விட்டு ஓய்வுக்குப் போய்விட்டார்.

இல்லை அண்ணை, நீங்கள் வரத்தான் வேணும் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. வாய் திறக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் குசினித் தரையில் இருந்துவிட்டேன். அண்ணைக்கு இது புதிது இல்லை என்றல்லவா தெரிகிறது? எங்கெங்கே, எத்தனை வீட்டு வாசலில், இப்படித் தானாகவே விலகி நின்றிருக்கிறார்? நான் கேட்டதே இல்லையே.

ஒக்ரோபர் 14, ஞாயிறு

பாலறுகு வைக்க, பாலில் தோய்த்த அறுகம்புல்லை மாப்பிள்ளையின் தலையில் முதலில் வைக்க, தாய்மாமன் வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டாராம். மாமன் இல்லாவிட்டால் சனம் கேட்கும் என்று பூரணிக்குப் பதற்றம். இவர் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கூட வேலை செய்யும் தவரத்தினத்தைக் கேட்டிருக்கிறாராம். அசல் புலோலிக்காரர். "ஒரு நாள் கூத்துத்தானே அருள்" என்றார்.

எனக்கு இரவல் அண்ணை.

அதிர்ச்சி என்று எழுதப் பார்த்தேன். அதுகூட வரவில்லை. தவரத்தினத்துக்குச் சட்டையின் அளவு என்ன என்று கேட்டேன்.

ஒக்ரோபர் 21, ஞாயிறு

கல்யாணம் வடிவாக நடந்தது. கஜந்தினி கூறையில் அம்மனைப்போல் இருந்தாள். சாருஜன் தாலி கட்டும்போது அழுதான். பூரணியின் மச்சாள்மார் என்னிடம் நல்ல முகத்தோடு கதைத்தார்கள். ஒருத்தி, "உங்கட தமையன் உங்களை உரிச்சுப் படைச்சமாதிரி" என்றாள். நான் சிரித்தேன்.

ஒக்ரோபர் 24, புதன்

காலையில் அண்ணை எடுத்தார். "படம் ஒண்டும் வரேல்லையே பிள்ளை? அறுகு வைக்கிற படத்தை முதல் அனுப்பு. ஆர் வச்சது?"

"தெரிஞ்ச ஒருத்தர் அண்ணை."

"நல்லது. பொடியனுக்கு ஒருத்தர் நிக்கத்தானே வேணும்."

வேலைக்குப் போகாமல் போனில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தவரத்தினம் இல்லாத படம் ஒன்றாவது இருக்கும் என்று தேடினேன். அறுகு வைப்பதற்கு வீடியோ மட்டும்தான் இருந்தது. சாருஜன் மணையில் குனிந்திருக்கிறான். தவரத்தினம் பாலில் அறுகைத் தோய்த்துக்கொண்டு எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் முழிக்கிறார். படத்துக்கு வெளியில் இருந்து ஒரு குரல் கேட்கிறது. அன்பாக, உரிமையோடு, கொஞ்சம் அதட்டலாகக்கூட: "இஞ்சாலை வாங்கோ அண்ணை. மாமனெல்லோ, முதல் நீங்கள் வையுங்கோ."

என் குரல். ஒருவரும் சொல்லித்தரவில்லை. அப்படிச் சொன்னது எனக்கு நினைவிலும் இல்லை.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

பின்னேரம் அண்ணையிடம் இருந்து செய்தி வந்திருந்தது. "பிள்ளை, இன்னும் படம் வரேல்லை. நீ அனுப்பியிருப்பாய். என்ர போனிலைதான் ஏதோ பிழை போல."