வாசலில் பாதியான விலை

என் அன்பு அத்தான்,

நீங்கள் கர்த்தரிடம் போனதும் நான் மாலைகளின் விலையை இரட்டிப்பாக்கிவிட்டேன் என்று சர்ச்சில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. முத்து மாலைக்கு இரண்டாயிரத்து நானூறு ரூபாய் என்று நான் விலை வைத்த அன்று நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள். "சரி எஸ்தரே, அப்படியே சொல்லிருதேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூட நான் ஏற்றவில்லை. இதைச் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லித்தான் எழுதுகிறேன். பேசுகிறவர்களும் படிக்கட்டும்.

நம் ஏற்பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கோப்பது நான். வாசலுக்கு வருகிறவர்களிடம் பேசுவதும், பணம் வாங்குவதும் நீங்கள். பேரம் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை என்று நீங்களே அந்த வேலையை எடுத்துக்கொண்டீர்கள்.

ஒரு முத்துக்கும் அடுத்த முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. முடிச்சு முத்தை ஒட்டி உட்காரவில்லையென்றால் அவிழ்த்து மறுபடியும் போடுவேன். கோணல் தையலைப் பிரித்துப் பிரித்துத் தைக்கவைத்த கான்வென்ட் சிஸ்டர்களிடம் படித்தவள், எனக்கு வேறு மாதிரி வராது. ஒரு மாலைக்கு இரண்டு நாள் ஆகும். முத்துக்கும் கொக்கிக்கும் ஆயிரத்துச் சொச்சம் போய்விடும். மீதி என் இரண்டு நாளின் விலை. இதில் எங்கே பேராசை?

போன மாதம் நம் சபையின் மலையாளத்துக்காரி ஷைலா வந்தாள். மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்கும் தோழிகளுக்குமாக ஏழு மாலை வேண்டும், இரண்டே வாரத்தில். விலையைச் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்தா ஆன்ட்டி இது! அங்கிள் இருந்தப்ப ஆயிரத்து இருநூறுதானே?"

"இல்லை. அப்பவும் இதே விலைதான்."

"நான் எத்தனை மாலை வாங்கியிருக்கேன்! ஒவ்வொரு தடவையும் ஆயிரத்து இருநூறுதான் அங்கிள் கையில குடுத்தேன். பைபிள் கொண்டுவாங்க, தொட்டுச் சொல்றேன்."

பேரத்துக்காகப் பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் ஆரியசாலை மளிகைக்கடைக்காரர் மனைவி செல்வியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளும் ஆயிரத்து இருநூறு என்றாள். "அதுவும் சொன்ன நாளுக்குக் கெடைக்காதுல்லா ஆன்ட்டி. அங்கிள் ஒரு வாரம்னு சொல்லுவாரு, மூணு வாரம் நடக்க விடுவாரு. கேட்லயே நின்னு நான் எத்தனை நாள் சத்தம் போட்டிருக்கேன்! சிரிச்சிக்கிட்டே நிப்பாரு."

ஆனால் அத்தான், நீங்கள் உள்ளே வந்து என் கையில் வைத்தது ஒவ்வொரு மாலைக்கும் இரண்டாயிரத்து நானூறு. நான் எண்ணித்தான் வாங்கினேன். மீதி எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. உங்கள் பென்ஷனிலிருந்து. வேறு எங்கிருந்து வரும்? கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னால் "இதே நல்லாத்தான் தெரியுது" என்பீர்கள். நானும் அதை நம்பினேன்.

"அவங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல, நீ மெள்ள செய்யி" என்பீர்கள். நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு பண்பானவர்கள், நல்ல வேலைக்காகக் காத்திருக்கிறார்கள், கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சகோதரிகள் கூட்டத்தில் அதைச் சொல்லவும் செய்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஷைலாவும் ஒருத்தி. என்ன நினைத்திருப்பாள்?

என்னை அன்பாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று எல்லாரும் சொல்லுவார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் காசில் எனக்குச் சம்பளம் கொடுப்பதென்றால் வீட்டுச் செலவுக்குக் கொடுத்திருக்கலாமே. என் வேலைக்குக் கிடைத்த கூலி என்று ஏன் கொடுத்தீர்கள்?

ஒரு வாரம் கழித்து ஷைலாவை மறுபடியும் வரச் சொன்னேன். "அங்கிள் ஒரு தடவையாவது இந்த விலையைச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"என்கிட்ட விலையே சொல்லல ஆன்ட்டி. மத்தவங்க குடுக்கிறதைக் கேட்டு நானும் ஆயிரத்து இருநூறை நீட்டினேன், வாங்கிக்கிட்டாரு. போட்டே, போனது போகட்டும், இப்ப ஒரு ஆயிரத்து ஐநூறு வெச்சுக்கலாம். ஆன்லைன்ல நானூறுக்கே கிடைக்குது, அறியுமோ?"

"அப்படியானால் அதையே வாங்கிக்கொள்."

"பின்னே! ஆன்ட்டிக்கு மூக்கு மேல கோபம். அங்கிளுக்கு இந்த ஸ்வபாவமே கிடையாது."

மீதி இருக்கும் ஒரு வாரத்தில் மூன்று மாலைதான் முடியும், விலை இதுதான், சம்மதமானால் எழுதிக் கொடு என்றேன். எழுதவில்லை. போய்விட்டாள். அதிலிருந்து ஒருவரும் வரவில்லை. முத்துகள் டப்பாவிலேயே இருக்கின்றன.

ஷைலாவிடம் நீங்கள் கேட்கவே இல்லை என்று தெரிந்துவிட்டது. மற்றவர்களிடம்? நீங்கள் சொல்லி, அவர்கள் முடியாது என்று சொல்லியிருந்தால், அது ஊரின் தீர்ப்பு. அதை நான் தாங்கிக்கொள்வேன். யாரிடமும் சொல்லவே இல்லையென்றால், என் வேலை அந்த விலை பெறாது என்று முடிவு செய்தது நீங்கள். அதை எப்படித் தாங்குவது?

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். விலையைக் குறைக்க மாட்டேன். இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் செய்ய மாட்டேன். இனி யார் வந்தாலும் வாசலுக்கு நானே போய், விலையையும் நாளையும் என் வாயாலேயே சொல்லுவேன். ஒருவரும் வாங்காவிட்டால், வாங்கவில்லை என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

என் விலையை ஒரே ஒருவரிடமாவது சொன்னீர்களா, இல்லையா? கனவில் வந்து சிரித்துவிட்டுப் போக வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் மாமன் மகளும் மனைவியுமான
எஸ்தர்