தரை அளக்கும் கருவிக்குப் பூ வைத்தது

அன்பு மகள் அரியந்திக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. இங்கே வீட்டில் மனிதர், நாய், கோழி எல்லாரும் சௌக்கியம், என் இடது முட்டி மட்டும் சௌக்கியமில்லை, அதை நான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. சப்போரோவில் உன் உடம்பும் நீ பார்த்துக்கொள்கிற பெரியவர்களின் உடம்பும் எப்படி என்று எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், பிறகு நீ அழுவாய், விஷயம் பாதியில் நிற்கும். தாளில் நான் மட்டும்தான் பேசலாம், இந்த வசதி எனக்கு உன் அப்பாவிடம்கூடக் கிடைத்ததில்லை. அவர் வழக்கம்போல் விமானநிலைய வருகை வாசலில் ஹோட்டல்காரர்களுக்காகப் பெயர்ப்பலகை பிடித்து நிற்கிறார். போன வாரம் பலகையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார், வந்த வெள்ளைக்காரர் தலையைச் சாய்த்துத் தன் பெயரைப் படித்துக் கண்டுபிடித்தாராம்.

என் விஷயத்தை விமானநிலையத்தில் என்னோடு தரை துடைக்கும் சுதர்மி உனக்குச் சொல்லிவிட்டாள் என்று தெரியும். அவள் சொன்னதில் முக்கால் பொய், மீதிக் காலை நான் சொல்கிறேன் கேள். போன சனிக்கிழமை தும்பெக் லண்டெப், இரும்புக்கெல்லாம் பூசை. வீட்டில் உன் அப்பாவின் பைக்குக்கும் தேங்காய் துருவிக்கும் ஓலைத் தோரணம் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அங்கேயும் இருபத்திரண்டு வருஷமாகச் செய்வதுதான், தரை தேய்க்கும் மெஷின், பெட்டிகள் வருகிற நாலாம் பெல்ட், வரிசையாக நிற்கும் சக்கர நாற்காலிகள், ஒன்றுக்கும் குறை வைக்காமல் ஓலைத்தட்டில் பூ வைத்துத் தீர்த்தம் தெளித்து ஈர அரிசி ஒட்டினேன். ஊதுவத்தியைக் கொளுத்தவில்லை, கொளுத்தினால் கூரையில் புகைமணி அலறும், சும்மா செருகி வைத்தேன், சாமிக்கு விவரம் தெரியும். பெல்ட் பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி அளவில் வெள்ளிநிறச் சாமான் ஒன்று தரையில் உட்கார்ந்திருந்தது. பாவம், புதுசு, யாரும் கவனிக்கவில்லை என்று அதற்கு இரண்டு பங்கு பூ, மூன்று பங்கு தீர்த்தம். அது எங்கள் கம்பெனியுடையது இல்லையாம். தரை எவ்வளவு பளபளக்கிறது என்று அளக்க வந்த பரிசோதனைக்காரர்களின் கருவியாம். அவர்கள் காபி குடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால், நான் முட்டி தேயத் துடைத்த தரை மாட்டுத்தொழுவத்துக்குச் சமம் என்று காட்டிற்று. உள்ளே அரிசி.

எங்கள் துப்புரவுக் கம்பெனிக்குக் கடல் தாண்டி சுரபாயாவிலிருந்து புதிதாக வந்திருக்கிற மேலாளர் யுதியாந்தோ என்னைக் கூப்பிட்டு, ஏம்மா இது ஏர்போர்ட்டா கோயிலா என்றான். விமானம் தரையில இறங்குறப்போ உள்ள உக்காந்திருந்தா நீ என்ன பண்ணுவே தம்பி, கண்ணை மூடிக் கும்பிடுவேல்ல, அப்போ கோயில்தான் என்றேன். பக்கத்தில் நின்ற காவலாளி சிரித்துத் தொலைத்தான், அதில்தான் காரியம் கெட்டது. பூசைத்தட்டு வைத்தது தவறு, இனி எந்த நாளும் வைக்க மாட்டேன் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக் காலை ஒன்பது மணிக்குள், இல்லையென்றால் நுழைவு அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடக்க வேண்டும். கருவியை நனைச்சது என் தப்பு, அதை நூறு தடவை எழுதித் தர்றேன், தட்டு வைச்சது தப்புன்னு மட்டும் எழுத மாட்டேன் என்றேன். ரெண்டும் ஒண்ணுதாம்மா என்றான். ஒன்றா?

சுதர்மி சொல்கிறாள், எழுதிக் குடுத்துட்டு மறுநாளே வையேண்டி முர்னி, அவன் என்ன குனிஞ்சா பாக்கப் போறான் என்று. என் குணத்துக்கு ஏற்ற யோசனைதான். வாயால் நான் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன், உனக்கே தெரியும், ஆனால் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வரவில்லை. நீயும் போனில், ஒரு வரிதானேம்மா, எழுதிக் குடுத்தா என்ன என்றாய். யோசித்துப் பார். ஆண்டுக்கு ஒரு நாள், நம் வருஷப்பிறப்பு மௌன நாளன்று, இந்த விமானநிலையம் முழுக்க மூடிக் கிடக்கிறது, ஒரு விமானம் ஏறாது, இறங்காது, உலகத்துப் பணக்காரன் எல்லாம் மறுநாள் வரை காத்திருக்கிறான். வானத்தையே சாத்தி வைக்கிற ஊரில் என் உள்ளங்கை அகல ஓலைத்தட்டுக்கு இடமில்லையாம். நீ ஜப்பானுக்குக் கிளம்பிய அன்று உன்னைக் கட்டிக்கொண்டு அழக்கூட எனக்கு நேரமில்லை, புறப்பாட்டுக் கூடத்தில் யாரோ கொட்டிய பழரசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் ஜன்னலோரம் உன் விமானத்தைப் பார்த்து ஒரு தட்டு வைத்தேன். அதைத் தவறு என்று எழுதவா? மாட்டேன் போ. பயமில்லையா என்றால் இருக்கிறது, நேற்று மூன்று முறை கழிவறைக்கு ஓடினேன், அதையும் நானே கழுவினேன். உன் அப்பாவைக் கேட்டதற்கு, நான் சொன்னா கேக்கவா போறே, சோத்தைப் போடு என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மேலே கம்பெனி முத்திரையைப் பார்த்துக் குழம்பியிருப்பாய். மன்னிப்பு எழுத யுதியாந்தோ மூன்று தாள் கொடுத்தான், அடிச்சுத் திருத்தி நிதானமா எழுதுங்கம்மா என்றான், பொல்லாத பையன் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சக்கர நாற்காலி அறையில் உட்கார்ந்து அவற்றில்தான் உனக்கு எழுதுகிறேன், இது மூன்றாவது. நாளை ஆறு மணிக்கு நாலாம் பெல்ட்டில் எப்போதும்போல் தட்டு வைப்பேன். ஒன்பது மணிக்கு அவன் முன்னால் நின்று, தாள் தீந்துபோச்சு தம்பி, மகளுக்கு எழுதிட்டேன் என்பேன்.

எட்டுத் திசைச் சாமிகளும் உன் பக்கம் நிற்கட்டும், கைகால் சுகத்தோடு நெடுநாள் இரு. பனியில் காதை மூடிக்கொள். இதைக் கொண்டுவரும் நம் தெருப் பெண்ணிடம் மிளகாய்ச் சம்பல் புட்டியும் இருக்கிறது, மறக்காமல் கேட்டு வாங்கு. எனக்காகப் பரிந்து மேலாளருக்குப் போன் செய்யாதே, செய்தால் உன்னிடம்தான் மன்னிப்புக் கடிதம் வாங்குவேன்.

இப்படிக்கு,
துளியும் வருந்தாத உன் அம்மா
முர்னியாத்தி