ஒன்பதாவது விதை

சின்னவளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரி எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நீ சுகமாக இல்லை என்பதும் அதற்குக் காரணம் யார் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் அந்த வரிக்குக் கை வரவில்லை. போனில் பேசலாமே என்று கேட்பாய். போனில் நீ பேச்சை மாற்றுவாய், தப்பித்தோம் என்று நானும் கூடவே மாறிவிடுவேன். காகிதத்தில் அப்படி ஓட முடியாது.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. குடோன் கூரையில் மூன்று தகரம் மாற்றினோம். அண்ணன் கடைக்குப் புதுத் தராசு வாங்கியிருக்கிறான், எண் தானாக எரியும், ஆனால் நம் எடைக்காரர் மூக்குப்பொடி அதை நம்புவதில்லை, ஒவ்வொரு மூட்டையையும் ஒரு தடவை கையால் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வண்டியில் ஏற்ற விடுகிறார். உன் மாமா வந்து இரண்டு நாள் இருந்தார். அந்தத் தீவில் உன் ஊரைப் பற்றிக் கேட்டார், நானும் வாய் வலிக்கச் சொன்னேன். நகரத்து நடுவில் நாலாவது மாடியில் உன் அறை, அதையே கூடாரமாக வைத்துக்கொண்டு விடிந்ததும் ஒருநாள் படகில் அலையாத்திக் காட்டுக்கு, ஒருநாள் அருவிக்கு, ஒருநாள் மலைப்பாதைக்கு என்று நீ என்னைக் கூட்டிப் போனதையும், ஆபீசுக்கு வருகிற மாதிரி மூன்று மணிக்குத் தவறாமல் வருகிற மழையையும், சாயங்காலம் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்துவிட்டு மின்விசிறியில் காலுறையைக் கட்டிச் சுழல விட்டதையும் சொன்னேன். "மச்சான், நனையறதுக்கா பிளேன்ல போனீங்க, இங்க தெருக் குழாயடியில நின்னாப் போதாதா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இப்படி ஒரு வாரம் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன், என் மகள் இலையசைவைப் பார்த்தே என்ன பறவை என்று சொல்லிவிடுவாள் என்று பெருமை வேறு. அந்த நேரத்தில் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் பெண் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ காட்டுக்குள் போகாமல் சுற்றுலாக் கம்பெனி வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுத்து, சேறோடு திரும்பி வருகிற பூட்ஸைக் கழுவி அடுக்குகிறாய் என்றாள். நீ வழிகாட்டும் ஆட்களை வேறு ஒருவர் கூட்டிப் போகிறாராம், மாதக் கடைசியில் வன ஆபீசில் விசாரணையாம்.

அதற்கு முந்தின நாள்தான் அம்மா என் நீலச் சட்டையைத் துவைக்கப் போட்டாள். மேல் பையின் தையல் மூலையிலிருந்து ஒரு விதை விழுந்தது, இரண்டு இறக்கை வைத்தது, காய்ந்து சருகாக. என்ன இது என்றாள், வழியில் ஒட்டியிருக்கும் என்றேன். மறுநாள் நர்ஸ் பெண் சொன்னதைக் கேட்டுவிட்டு, போனை வைத்த கையோடு அந்த விதையைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். நானே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மூட்டைய ஒரு குத்து குத்தி உள்ள பதர் எவ்வளவுன்னு சொல்ற மனுஷன், உங்களை என்னைக்காவது குத்திப் பார்த்ததுண்டா" என்றாள். அதற்குப் பிறகு இன்றுவரை வேளாவேளைக்குச் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், என் கையால் எழுத வேண்டும் என்பதற்காக. காட்டு வாசலில் வைத்தே நீ எல்லோரிடமும் சொன்னாய், ஒரு இலைகூட வெளியே போகக்கூடாது, உள்ளே போகிற பத்துப் பேருக்கும் என் தலைதான் பொறுப்பு என்று. நான் தலையாட்டினேன். அந்தப் பெரிய மரம் ஏழெட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் காய்க்கும் என்று காட்டினாய், விதைகள் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு இறங்கின. எனக்கு நாற்பது வருஷப் பழக்கம், எந்த மண்டிக்குப் போனாலும் மாதிரிக்கு ஒரு பிடி எடுத்து, பொட்டலம் மடித்து, மேலே தேதியும் இடமும் எழுதிச் சட்டைப் பையில் போடாமல் திரும்பியதில்லை. நீங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே கிடந்ததில் ஒன்பது எடுத்து, அதே போல மடித்து எழுதிச் சட்டைப் பையில் போட்டேன். விழுந்தது யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்தேன். இல்லை, அதுகூடப் பொய். சொந்தமா இல்லையா என்று நினைக்கவே இல்லை. மழை பிடித்தது. சரக்கு நனைந்தால் போச்சு என்பதுதான் நான் படித்த ஒரே பாடம், அதனால் உன்னுடைய தண்ணீர் புகாத பையின் பக்கவாட்டில் பொட்டலத்தைச் சொருகினேன். ஈரம் காய்ந்தால் இந்த விதை செத்துவிடும், நனைந்தே கிடக்க வேண்டும் என்று நீ சொன்னதும் காதில் விழுந்தது. தானியத்தில் எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வாசல் காவலர் உன் பையிலிருந்து அதை எடுத்தபோது நீ அவரைப் பார்க்கவில்லை, பொட்டலத்தைப் பார்த்தாய். அந்த மடிப்பு நான் உனக்கு ஏழு வயதில் கல்லாப் பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தது. பிறகு என்னை ஒருமுறை பார்த்தாய். நான் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். நீ அவரிடம் ஏதோ சொன்னாய், பாஷை தெரியாவிட்டாலும் தலை குனிந்த விதத்தில், அது உன்னுடையது என்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. கழுத்திலிருந்து வழிகாட்டி அட்டையைக் கழற்றிக் கொடுத்தாய். அந்த நேரத்தில் என் மண்டைக்குள் என்ன ஓடியது தெரியுமா? இவள் இந்த ஊர்க்காரி, திட்டிவிட்டு விடுவார்கள், நான் வெளியூர்க்காரன், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வியாபாரப் புத்தி அவ்வளவு வேகமாக வேலை செய்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தாய். என்னவோ கேட்கப் போகிறாய் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அப்பா, குளிருதா" என்று மட்டும் கேட்டாய். இல்லை என்றேன். நாலு நாள் கழித்து விமானம் ஏறும்வரை அவ்வளவுதான் நாம் அதைப் பற்றிப் பேசியது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் அங்கே வந்ததே உன்னைத் திருப்பிக் கூட்டி வரத்தான். பாங்கு வேலையை விட்டுவிட்டு, மரத்தைக் காட்டிப் பிழைப்பதும் ஒரு தொழிலா என்று இங்கே எத்தனை பேரிடம் பேசியிருக்கிறேன். நீ அட்டையைக் கழற்றியபோது எனக்கு வெட்கம் வந்தது, பயம் வந்தது, அதோடு ஓரத்தில், சரி, இனி ஊருக்கு வந்துவிடுவாள் என்று ஒரு சின்னச் சந்தோஷமும் வந்தது. பெற்ற மகள் தலைகுனிந்து நிற்கும்போது அப்படி ஒன்று எனக்குள் வந்தது. அறுபத்து மூன்று வயதில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அது. இத்தனைக்கும் அன்று காலையில்தான் நீ கையை உயர்த்தியதும் பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். என் கடையில் நான் கத்தினாலும் அப்படி ஒருவர் நிற்பதில்லை.

அதனால் நேற்று வக்கீலிடம் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வன ஆபீஸ் விலாசத்தை நர்ஸ் பெண்ணிடம் அம்மா வாங்கினாள். உன் கையில் கொடுத்தால் நீ அதை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா, ஆகவே பதிவுத் தபாலில் நேராக அவர்களுக்கே அனுப்பிவிட்டேன். இதோடு இருப்பது நகல். இனிமேல் அந்தக் காட்டுக்குள் மட்டுமல்ல, தீவுக்குள்ளேயே என்னை விடாமல் போகலாம் என்று வக்கீல் சொன்னார். போகட்டும். உன்னைப் பார்க்க அம்மா வருவாள், முழங்காலுக்கு இப்போதே எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டாள். பொட்டலத்திலிருந்து நழுவிச் சட்டைப் பையில் தங்கிவிட்ட அந்த ஒன்பதாவது விதையை என்ன செய்வது என்று கேட்டேன், அதை அனுப்புவதே இன்னொரு குற்றமாகிவிடும் என்று வக்கீல் படம் மட்டும் எடுத்து இணைத்தார். அம்மா ஆசைக்கு ஒருநாள் ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்த்தாள். முளைக்கவில்லை. நீ சொன்னது சரிதான், நான்தான் காய வைத்துக் கொன்றிருக்கிறேன்.

ஊருக்கு வா என்று இனி எழுதமாட்டேன், வரத் தோன்றினால் நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போ. ஷூவுக்குள் காகிதம் திணிக்க மறக்காதே, ஈரக் காலோடு பஸ்ஸில் உட்காராதே. அட்டை உன் கழுத்துக்குத் திரும்பட்டும், தீர்க்காயுசாக இரு, நீ கூட்டிப்போகிற பத்துப் பேரும் எப்போதும் பத்திரமாகத் திரும்பட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வை. விசாரணையில் என்னைக் காப்பாற்றாதே. அந்தப் பொட்டலம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, மேலே தேதியும் இடமும் என் கையெழுத்தில், நம் எழுத்தில் இருக்கிறது. அன்று அந்த வாசலில் நின்றவர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். நான் வாசித்துவிட்டேன். நீயும் அவர்களுக்கு வாசித்துச் சொல்.

இப்படிக்கு,
வாசலில் கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்ற
உன் அப்பா