ரேஹாலில் இல்லாத இலை

இன்று காலை மரம் கருகும் வாசனை வந்தது. பிளேடு மழுங்கியது தெரியாமல் வளைவில் பலகையை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். மிஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தால் வெட்டின ஓரம் முழுக்கக் கறுப்பு. நீ இருந்திருந்தால் உள்ளே இருந்தே கத்தியிருப்பாய், "அக்கா, தோசை தீயுது பாருங்க!" என்று. அந்தக் கேலியை உன்னிடம் நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இன்று அப்படிச் சொல்ல ஆளில்லை என்றதும் அதைவிடக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருடம் அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவள். மற்றவர்கள் தப்பைச் சிவப்பு மையில் சுழித்துச் சுழித்தே ஓய்வு பெற்றவள். என் கையால் ஒரு தப்பு நடந்தது என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வேங்கிக்கால் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், செங்கம் ரோட்டுச் சந்தில் உன் பட்டறை வாசலில் வந்து நின்றபோது எனக்கு அறுபத்தொரு வயது. உனக்கு நாற்பத்தாறு. கிரிவலத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் வாங்குகிற மலை வடிவச் சாவி மாட்டியை நீ வெட்டிக்கொண்டிருந்தாய். "எனக்கும் கத்துக் குடுப்பியா?" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வளையல கழட்டிட்டு வாங்க" என்றாய்.

ஸ்க்ரோல் சா என்ற பெயரே எனக்கு அன்றுதான் தெரியும். தையல் மிஷின் ஊசி போல மேலும் கீழும் ஓடுகிற, நூலைவிடக் கொஞ்சம் தடித்த ரம்பம். அது நின்ற இடத்திலேயே நிற்கும். பலகையைத்தான் இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் தள்ளுவேன். பிளேடு டக்கென்று உடையும். "அழுத்தம் ஜாஸ்தி அக்கா. மரத்தத் தள்ளாதீங்க, காட்டுங்க போதும்" என்பாய். முதல் மாதம் வெட்டிய யானையைப் பார்த்து, "இதுல தும்பிக்கை எது, வால் எது?" என்று கேட்டவளும் நீதான். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே வந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீ விளையாட்டுக் காட்டியதில்லை. புது பிளேடு மாட்டினால் அதன் பல் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் சுவிட்சைப் போட்டதும் பலகையைத் தூக்கி அடித்துவிடும். விரலால் ஒருதரம் தடவிப் பார்க்காமல் சுவிட்சைத் தொடவே விடமாட்டாய்.

இரண்டு வருடம் கழித்து உனக்கு அந்த வியாதி வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேலூருக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தாய். முடி போனது. அதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாய். விரல் நுனி மரத்துப்போனபோதுதான் உன் முகம் மாறியது. உன் மகள் ரேஷ்மாவின் நிக்காஹுக்குப் பதினைந்து நாள் இருக்கையில் என்னைக் கூப்பிட்டு, பழைய புடவையில் சுற்றி வைத்திருந்த தேக்குப் பலகையை எடுத்துக் காட்டினாய். குர்ஆனை வைத்து ஓதுகிற ரேஹால். ஆணி இல்லை, பசை இல்லை, கீல் இல்லை. ஒரே பலகையை நடுவில் கோத்துக்கொள்ளும்படி உளியால் பிளந்து வைத்திருந்தாய். விரித்தால் நாலு காலில் நிற்கிற மாதிரி நின்றது, மடக்கினால் மறுபடி பலகை. மகளுக்குத் தெரியாமல் ஐந்து மாதம் அதற்காகவே உட்கார்ந்திருக்கிறாய்.

"நடுவுல கோத்திருக்கிற இந்தக் கோப்பு கை நல்லா இருந்தப்ப போட்டது. இனிமே என்னால முடியாது அக்கா" என்றாய். கீழே காலாக நிற்கும் இரண்டு பக்கங்களில் ஒன்றில் பதினோரு இலைகளோடு ஒரு கொடி வெட்டி முடித்திருந்தாய். இன்னொன்றில் பென்சில் கோடு மட்டும் இருந்தது. "இந்தப் பக்கத்த நீங்க வெட்டுங்க."

"நானா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"வேற யார் கைய எனக்குத் தெரியும்?"

பலகையை வாங்கிக்கொண்டேன். ஒன்று சொல்கிறேன், அந்தப் பதினைந்து நாளும் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பலகை போனால் இன்னொன்று கிடையாது. உன் கை கடைசியாகச் செய்த வேலை என் கையில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு இலைக்கு மேல் வெட்டவில்லை. இலையைச் சுற்றி இருக்கும் மரத்தைத்தான் எடுக்க வேண்டும். துளை போட்டு, பிளேடைக் கழற்றித் துளைக்குள் விட்டு, மறுபடி மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவேன். முடிந்ததும் முதுகெல்லாம் வேர்வை. இலை கொடியோடு ஒட்டியிருப்பது ஈர்க்குச்சி அகலத்துக் காம்பில்தான்.

பௌர்ணமி அன்று நீயும் ரேஷ்மாவும் வேலூரில் இருந்தீர்கள். எட்டு இலை முடிந்து ஒன்பதாவதில் இருந்தேன். பிளேடு உடைந்தது. தெருவில் கிரிவலக் கூட்டத்தின் சத்தம், ஒலிபெருக்கி வேறு. சாயங்காலம் நீ வருவதற்குள் இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். புது பிளேடை மாட்டினேன். தடவிப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டேன்.

பலகை என் கையை உதறிக்கொண்டு எகிறி மேசையில் படாரென்று விழுந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கோப்பு தப்பித்திருந்தது. ஏழாவது இலை மட்டும் காம்போடு முறிந்து தரையில் கிடந்தது.

அப்போதுதான் உன் போன் வந்தது. "பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க அக்கா. ஒரு ஆட்டோவும் இல்ல. உக்காந்து உக்காந்து நடந்து வர்றேன். லேட்டாவும்."

"மெதுவா வா" என்றேன். நீ உடம்பு முடியாமல் அந்தக் கூட்டத்தில் நடந்து வருகிறாய், எனக்கோ நேரம் கிடைத்ததே என்று நிம்மதி. இதை உன்னிடம் கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன். அந்த நேரத்தில் இலையை எடுத்துப் பசை வைத்து ஒட்டினேன். ஒட்டின இடத்தில் மரத்தூளைக் குழைத்துப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாத மாதிரி செய்துவிட்டேன். ஃபைலில் அடித்தல் திருத்தல் தெரியாமல் எழுதுவது எப்படி என்பதை எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

இருட்டுவதற்குள் வந்துவிட்டாய். ரேஷ்மாவை மாடிக்கு அனுப்பிவிட்டு நேரே பட்டறைக்கு வந்தாய். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் பலகையை மடியில் வாங்கி என் பக்கத்துக் கொடியைக் கட்டைவிரலால் அடியிலிருந்து தடவிக்கொண்டே போனாய். ஐந்து, ஆறு, ஏழு. உன் விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. உன் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என் பக்கத்தவிட நல்லா வந்திருக்கு அக்கா" என்றாய்.

அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. உன் விரல் நன்றாக இருந்திருந்தால் நீயே கண்டுபிடித்துத் திட்டியிருப்பாய், நானும் சண்டை போட்டிருப்பேன். தெரியாத விரலை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் உடனே சொல்லவில்லை. டீ போட்டேன். நீ பாதி குடித்தாய். பிறகுதான், "ஏழாவது இலை ஒட்டினது. உடைச்சிட்டேன்" என்றேன்.

நீ டம்ளரைக் கீழே வைத்தாய். "பல்லு?"

"மேல பாத்து மாட்டிட்டேன்."

"தடவிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஒரே பலகைனு சொன்னேனா இல்லையா அக்கா? சொன்னேனா இல்லையா?" என்று நீ போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ரேஷ்மா, "என்ன அம்மி?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நீ படு" என்றாய். அப்புறம் என் முகத்தையே பார்க்கவில்லை. நான் செருப்பைத் தேடினேன். மறுபடி இந்த வாசற்படி மிதிப்பதில்லை என்றுதான் நினைத்தேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க. அந்த இலையப் பிடுங்குங்க. பசை மழைக்கு ஒருநாள், வெயிலுக்கு ஒருநாள்னு விடும். அவ ஓதிக்கிட்டு இருக்கும்போது மடியில விழணுமா?" பிடுங்கினேன். நீ உன் பக்கத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தாய். "இப்ப இதுல ஏழாவதக் காம்போட வெட்டி எடுங்க."

எனக்கு ஒரு நிமிடம் புரியவேயில்லை. புரிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "உன்னோடதுல நான் கை வைக்க மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

"கல்யாணப் பொண்ணுக்கு ஒரு கண்ணுல மட்டும் சுர்மா போட்டு அனுப்புவாங்களா? ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா டிசைன். ஒரு பக்கம் இல்லைனாதான் தப்பு. வெட்டுங்க."

பிளேடை மாட்டினேன். மூன்றுதரம் தடவிப் பார்த்தேன். சுவிட்சைத் தொடாமல் நான் நிற்பதைப் பார்த்து நீ எழுந்து வந்து, என் இரண்டு கைமேலும் உன் கையை அழுத்தி வைத்தாய். சில்லென்று இருந்தது. "என் விரலுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் பாத்துக்கணும்" என்றாய். சுவிட்சைப் போட்டு அந்தக் காம்பைப் பிளேடுக்குக் காட்டினேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை. ஒரு அங்குலம் கூட இருக்காது அந்த வெட்டு. இலை விழுந்ததும் மிஷினை நிறுத்தினேன். பிறகு நீ, "இது யாருக்கும் தெரிய வேணாம்" என்றாய். மிச்ச இலைகளை அடுத்த மூன்று நாளில் முடித்தேன். நிக்காஹுக்கு வந்தவர்கள் ரேஹாலைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணடித்தாய்.

எட்டு மாதம் இருந்தாய்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு ரேஷ்மா அந்த ரேஹாலோடு வந்திருந்தாள். பெண்கள் எல்லாம் உள் அறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் ஓதி நிறுத்தின இடைவேளையில் உன் நாத்தனார் ரேஹாலைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரு எலை விட்டுப்போச்சே. பாவம், கடைசியில அவளுக்குக் கையும் நிக்கல, கணக்கும் நிக்கல. மருந்து மயக்கத்துல வெட்டியிருக்கா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். ரேஷ்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உன் கையையா சொல்கிறார்கள்? நீ சொல்லாதே என்றது ஞாபகம் இருந்தது. இருபது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் எனக்கு முன்பின் தெரியாதவர்கள். "அவ வெட்டினதுல ஒரு குறையும் இல்ல. நான்தான் உடைச்சேன்" என்றேன். சொன்னது கத்தின மாதிரி வந்தது. பல் மேலே பார்த்ததிலிருந்து பசை வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

உன் நாத்தனார் மெதுவாக, "அதனால என்னம்மா, புது எலை வெட்டி வெச்சுட்டா ஆச்சு" என்றார்.

ரேஷ்மா அதைக் காதில் வாங்கவில்லை. "அம்மி வெட்டினது எந்தப் பக்கம் பெரியம்மா?" என்று கேட்டாள். காட்டினேன். வளைவெல்லாம் வழுவழுவென்று இருக்கிற பக்கம். அந்தக் கொடியைத் தடவிக்கொண்டே வந்து, இலை இல்லாத இடத்தில் விரலை நிறுத்தினாள். "இது?"

"அது நான் வெட்டினது. உங்கம்மி என் கைமேல கை வெச்சிருந்தா."

அவள் விரலை எடுக்கவே இல்லை. "எலை எதுவும் வேணாம் அத்தை, இப்படியே இருக்கட்டும்" என்று உன் நாத்தனாரிடம் சொல்லிவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து ஓத ஆரம்பித்தாள். நான் அங்கேயே, எல்லோர் முன்னாலும், அழுதேன்.

சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். கோபமென்றால் கோபித்துக்கொள். என் பெயரில் இந்த உலகத்தில் ஒரு தப்பு இருக்கிறது, ஊரறிய இருக்கிறது. உன் மகள் தினமும் காலையில் அதன் மேல்தான் குர்ஆனை விரிக்கிறாள்.