முப்பத்தைந்து மீட்டர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டிவலி மட்டும் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கிளப்பில் ஏர் ரைபிள் பழுதுபார்க்கும் வேலையும் எப்போதும்போல நடக்கிறது.

உன் தம்பியைப் பற்றித்தான் எழுதவேண்டும். போன மாதம் கிளப் கோச் அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார், எல்லோர் எதிரிலும் உனக்குக் கை நடுங்குது, வீட்டுக்குப் போன்னு சொன்னாராம். அன்றிலிருந்து யாரிடமும் பேச்சில்லை, பழைய ரைபிளோடு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் காலி மனையே கதி. ஒருநாள் அவனாக வந்து, வேகத்தைக் கூட்டினேம்மா, பெல்லட் குறியில விழாம சிதறுது, ஏன்னு கேட்டான். அவன் வாய் திறந்ததே பெரிது என்று உட்காரவைத்துச் சொன்னேன். ரைபிள் குழலுக்குள் இருக்கும் முறுக்குக் கோடுதான் பெல்லட்டைச் சுழற்றி அனுப்புகிறது, நம் குழலில் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று, வேகம் கூடினால் சுழற்சியும் கூடும், இடுப்பு சிறுத்த அந்த ஈயத்துண்டு அதைத் தாங்காமல் தூரம் போகப்போகத் தலையாட்டும், ஒலியின் வேகத்தை நெருங்கினால் காற்றே உலுக்கிவிடும், அதனால் குறைத்துவை என்றேன். குறைத்தான். மறுநாள் கொண்டுவந்த குறி அட்டையில் ஐந்து ஓட்டையையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம், எனக்குப் பெருமை தாங்கவில்லை. எத்தனை மீட்டர் என்றேன், முப்பத்தைந்து என்றான். போட்டி பத்து மீட்டர்தானேடா என்றதற்குச் சிரித்தான்.

துணி காயப்போட மாடிக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. எதிர்த்தெருவில் கோச் வீட்டு ஜன்னல், அங்கே அவர் பேப்பர் படிக்கும் நாற்காலி. எங்கள் மாடியிலிருந்து அதே முப்பத்தைந்து மீட்டர், இருபது வருஷமாகத் தூரம் அளந்த கண், தப்பாது. அன்றே குழலைக் கழற்றிக் கிளப் அலமாரியில் பூட்டினேன். கோச்சிடம் நாற்காலியை உள்ளே தள்ளிப்போடுங்க என்றேன், ஏன் என்றார், வெயில் என்று சொல்லிவிட்டு வந்தேன். குழல் எங்கே என்று உன் தம்பி இன்றுவரை கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நேற்று புது பெல்லட் டப்பா ஒன்று வாங்கி வந்து, என் எதிரிலேயே மேஜைமேல் வைத்தான்.

நீ உடனே அவனுக்குப் போன் செய், அக்கா சொன்னால் கேட்பான், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராகக் கோச் வீட்டுக்குத்தான் போகிறேன், இந்தமுறை வெயில் என்று சொல்லமாட்டேன். பெற்றவளே காட்டிக்கொடுத்தாள் என்று அவன் ஆயுசுக்கும் சொல்லட்டும், சொல்வதற்கு அவன் ஜெயிலுக்கு வெளியில் இருந்தால் போதும்.

உன் அம்மா